காற்று பதினான்கு

பகவதி மீதான விசாரணை மாலை மூன்று மணிக்கு என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். ஜெபசுதா அதைப் படித்துவிட்டுத்தான் தன் அறைக்குப் போனாள். விசாரணைக்காக அவள் செய்ய வேண்டியதை முந்தின வாரமே செய்து கொடுத்தாகிவிட்டது. ஒரே ஒரு வரி அச்சான ஒரு தாள். ஜூன் இருபத்து நான்கு, காலை பதினொன்று பத்து, காற்று பதினான்கு.

அந்த வரியில்தான் பகவதியின் வேலை தொங்கிக்கொண்டிருந்தது.

தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில், உப்பளங்கள் முடிகிற இடத்தில் இருக்கிறது அந்த யார்டு. சரக்கு இறக்கிய காலிக் கண்டெய்னர்களை வாங்கி, ஒன்றின் மேல் ஒன்றாக ஐந்து அடுக்கு ஏற்றி, வரிசை வரிசையாக நிறுத்தி வைப்பார்கள். காலிப் பெட்டி பார்க்கத்தான் இரும்பு. காற்றுக்கு அது கப்பல் பாய் மாதிரி. மணிக்கு நாற்பது கிலோமீட்டரைக் காற்று தாண்டினால் வரிசைகளுக்குள் யாரும் நடக்கக் கூடாது என்பது யார்டின் சட்டம். பகவதியின் வேலை அந்த வரிசைகளுக்குள் நடப்பது. எந்தப் பெட்டியில் நெளிசல், எதில் கதவு ரப்பர் கிழிசல் என்று பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்டு வர வேண்டும். ஒன்பது வருடமாக நடக்கிறாள்.

ஜூன் இருபத்து நான்காம் தேதி ஐந்தாவது வரிசைக்குள் பாதி தூரம் போனவள் திரும்பி வந்து, காற்று சரியில்லை, போக மாட்டேன் என்று கேட் பக்கம் உட்கார்ந்துவிட்டாள். சூப்பர்வைசர் ஹென்றி அவளைக் கம்ப்யூட்டர் அறைக்கு அழைத்துக்கொண்டு போய், காற்றின் வேகம் தெரிகிற திரையைக் காட்டினார். பதினான்கு என்று இருந்தது. அதற்குப் பகவதி சொன்னதைக் கேட்டு அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். ஜெபசுதாவும் சிரித்தாள்.

“ஒங்க மிஷினு ஏசிக்குள்ளல்லா இருக்கு. அதுக்குக் காத்து எங்க தெரியும்?”

அன்று லாரிகள் ஆறு மணி நேரம் நின்றன. மேனேஜர் டிக்சன் மெமோ கொடுத்தார். பொய்க் காரணம் சொல்லி வேலையை நிறுத்தியது குற்றம். விசாரணையில் அது உறுதியானால் பகவதி வெளியே போக வேண்டியதுதான். அப்படிப் போனவளுக்கு அந்தச் சாலையில் இருக்கும் வேறு எந்த யார்டும் கேட்டைத் திறக்காது. இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறவள்.

ஜெபசுதாவுக்கு அவள் மேல் கோபம் எதுவும் கிடையாது. கேட்டார்கள், கொடுத்தாள். அவளுடைய சுபாவம் அது. நாசரேத்தில் கணக்கு வாத்தியாரின் மகளாக வளர்ந்தவள். கேட்டதற்கு மேல் ஒரு வரி கூடுதலாக எழுதினால் சிவப்பு மையில் அடிக்கிற வீடு. கல்லூரி முடித்து இந்த யார்டில் சேர்ந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. கணவர் ஜாபேஸ் சாத்தான்குளத்தில் பள்ளி ஆசிரியர். காலையில் அவரை பஸ் ஏற்றிவிட்டு இவள் ஸ்கூட்டரில் வருவாள். யார்டில் இருக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் அவள்தான் வாங்கி, வயர் இழுத்து, பெயர் வைத்து ஓடவிட்டிருக்கிறாள். அதிகம் பேச மாட்டாள். தன் வேலையில் பிழை இருந்ததாக அவளுக்கு நினைவில்லை. அப்படி நினைவில்லாமல் இருப்பது நல்ல அறிகுறிதானா என்று அவள் யோசித்ததும் இல்லை.

விசாரணை நாளன்று காலை உப்பளத்தைத் தாண்டும்போது ஸ்கூட்டர் இரண்டு முறை சாலையின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனது. ஆடி மாதம். கச்சான் காற்று மேற்கிலிருந்து உப்பையும் மண்ணையும் வாரி முகத்தில் அடித்தது. ஹேண்டிலை இறுக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். அறைக்குள் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி ஜன்னல்களைத் திறக்க முடியாதபடி அடைத்திருந்தார்கள். வெளியே நடப்பது எதுவும் உள்ளே கேட்காது.

அவளுக்கு அன்று வேறு வேலை. மாசி மாதத்திலிருந்து சர்வர் மெதுவாகிவிட்டது. யார்டில் லாரி வருவதும் போவதும், எந்தப் பெட்டி எந்த வரிசையில் என்பதும், எல்லாம் கறுப்புத் திரையில் கமாண்ட் அடித்துத்தான். ஒரு கமாண்ட் அடித்து என்டர் தட்டினால், அந்த வேலை உடனே முடிந்துவிடும். ஆனால் அடுத்த கமாண்டுக்கான வரி திரையில் வந்து நிற்கப் பத்து விநாடி ஆகும். அதுவரை வெறும் கறுப்பு. ஒரு நாளைக்கு ஆயிரம் கமாண்ட் அடிக்கிற இடத்தில் பத்து விநாடி என்பது கேட் வாசலில் லாரி வரிசையாக மாறும்.

“கமாண்ட குடுத்துட்டு நாசரேத்துக்கு பஸ் ஏறிப் போயி, ஒங்க அம்மாவப் பாத்துட்டு வந்துரலாம் போலுக்கு,” என்று ஹென்றி சொல்வார். லைன் ஸ்லோ அண்ணே, என்பாள் ஜெபசுதா. ஐந்து மாதமாக அதே பதில். இந்த வாரம் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து கண்டிப்பாக மெயில் வந்துவிட்டதால் காலை முழுவதையும் அதற்காக ஒதுக்கி வைத்திருந்தாள்.

முதலில் சர்வருக்கு வேலைப் பளு அதிகமா என்று பார்த்தாள். இல்லை. நூறில் மூன்று பங்கு கூட ஓடவில்லை. அப்படியானால் அது ஏதோ செய்துகொண்டிருப்பதால் தாமதிக்கவில்லை. எதற்கோ காத்துக்கொண்டிருப்பதால் தாமதிக்கிறது. இரண்டும் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும். அதனால்தான் பலரும் இங்கே ஏமாறுகிறார்கள். புது மெஷின் வாங்கினாலும் அதுவும் அதே வேகத்தில் காத்துக்கொண்டுதான் இருக்கும்.

அடுத்து, கமாண்ட் வாங்குகிற ஷெல்லை எந்த முன்னேற்பாடும் இல்லாமல் வெறுமையாகத் திறந்தாள். என்டர் தட்டினாள். விரல் எடுப்பதற்குள் வரி வந்துவிட்டது. மறுபடி தட்டினாள். மறுபடியும் உடனே. ஆக, லைன் மேல் குற்றமில்லை. ஒவ்வொரு என்டருக்குப் பிறகும் தானாக ஓடும்படி எழுதி வைத்திருக்கும் ஒரு ஃபைலில்தான் கோளாறு. ஐந்து மாதம் லைன் ஸ்லோ என்று சொன்னது பொய் என்று ஆயிற்று. அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அது சின்னச் சுருக்குதான்.

அந்த ஃபைலில் இருக்கும் ஒவ்வொரு வரியும் ஓடும்போதே திரையில் தெரியும்படி செய்துவிட்டு என்டர் தட்டினாள். வரிகள் கடகடவென்று ஓடின. ஒரு இடத்தில் நின்றன. விரலால் எண்ணினாள். ஐந்து விநாடி. மறுபடி ஐந்து. பிறகு மேலே ஓடி முடிந்து, அடுத்த கமாண்டுக்கான வரி வந்தது. அந்த வரியின் முன்னால் எப்போதும் போல, காற்று பதினான்கு.

நின்ற இடத்தைப் படித்தாள். அவளே எழுதியது. ஓரத்தில் அவள் பெயரின் முதல் எழுத்தும் ஏழு வருடத்துக்கு முந்தின தேதியும் இருந்தன.

அது இந்த யார்டுக்கே உரிய ஏற்பாடு. காற்றைக் காட்டத் தனியாக ஒரு திரை வைத்தால் யாரும் பார்ப்பதில்லை என்று, ஒவ்வொரு கமாண்ட் வரியின் முன்னாலும் காற்றின் வேகம் தானாக வந்து நிற்கும்படி செய்திருந்தார்கள். பழைய எடைமேடைக் கட்டிடத்தின் மொட்டைமாடியில் காற்றளக்கும் கருவி. அதனோடு இணைந்த சின்ன மெஷினுக்குக் கச்சான் என்று ஜெபசுதாதான் பெயர் வைத்தாள். ஒவ்வொரு என்டருக்கும் சர்வர், கச்சான் எங்கே என்று பெயர் விசாரிக்கும். முகவரி கிடைத்ததும் போய் எண்ணை வாங்கி வரும். எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில். பெயருக்கு முகவரி சொல்லும் மெஷினும் அதே கட்டிடத்தில்தான் இருந்தது.

இருந்தது. மாசியில் சாலையை அகலப்படுத்துவதற்காக அந்தக் கட்டிடத்தை இடித்துவிட்டார்கள். மற்ற எல்லா மெஷின்களின் முகவரியையும் அவள் சர்வரிலேயே பட்டியலாக எழுதி வைத்துவிட்டாள். கச்சானை விட்டுவிட்டாள். அதனால் சர்வர், இல்லாத ஒரு மெஷினிடம் போய்க் கச்சான் எங்கே என்று கேட்கும். ஐந்து விநாடி பதிலுக்குக் காத்திருக்கும். மறுபடியும் கேட்கும். மறுபடியும் காத்திருக்கும். பிறகு விட்டுவிடும். பத்து விநாடிக்குக் கணக்கு வந்துவிட்டது. இந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் போதும், தாமதம் போய்விடும். ஜெபசுதா அதை அழிக்கக் கீபோர்டில் கை வைத்தாள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கச்சான் பதில் சொல்லவில்லை என்றால், இந்தப் பதினான்கை யார் சொல்கிறார்கள்?

அடுத்த வரி அதற்குப் பதில் வைத்திருந்தது. அதையும் அவள்தான் எழுதியிருந்தாள். ஏழு வருடத்துக்கு முன், இந்த ஏற்பாடு வந்த முதல் வாரத்தில், இரண்டு நிமிடம் எண் வராமல் இடம் வெறுமையாக இருந்தது. ஹென்றி பயந்துபோய் அரை நாள் வேலையை நிறுத்திவிட்டார். அப்போதிருந்த மேனேஜர் சத்தம் போட்டார். இனி வெறுமையாக வரக் கூடாது என்று ஜெபசுதா ஒரு வரி சேர்த்தாள்: பதில் வராவிட்டால், கடைசியாக வந்த எண்ணையே காட்டு.

கடைசியாக எண் வந்த தேதியைப் பார்த்தாள். பிப்ரவரி இருபத்தேழு.

பதிவுகளைத் திறந்தாள். பிப்ரவரி இருபத்தேழு வரை எண்கள் ஏறி இறங்கின. ஒன்பது, இருபத்தொன்று, பதினெட்டு. அதற்குப் பிறகு பதினான்கு. பதினான்கு. பதினான்கு. பக்கம் பக்கமாகத் தள்ளினாள். மார்ச், ஏப்ரல், மே. பகல், இரவு. ஜூன் இருபத்து நான்காம் தேதியும் வந்தது. அதன் மேலும் கீழும் அதே எண். போன வாரம் விசாரணைக்காக இந்த ஒரு வரியைத் தேடி எடுத்தபோது கண்ணை ஒரு வரி மேலே நகர்த்தியிருந்தால் போதும். கேட்டது ஒரு வரி. அவள் ஒரு வரியைத்தான் பார்த்தாள்.

ஐந்து மாதமாக எத்தனை பேர் இந்த எண்ணின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அதைப் படிக்கவில்லை. நாற்பதுக்கு இந்தப் பக்கம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். அந்தக் கேள்விக்குப் பதினான்கும் ஒன்றுதான், இருபத்தொன்றும் ஒன்றுதான். காலையில் உப்பளத்தருகே தன்னைச் சாலை ஓரத்துக்குத் தள்ளிய அதே காற்றைத்தான் இந்தத் திரை பதினான்கு என்று சொல்கிறது. உடம்பு அறிந்ததை அவள் அறைக்குள் கொண்டுவரவே இல்லை.

எழுந்து, கிட்டத்தட்ட ஓடி, ஸ்டோருக்குப் போனாள். ஸ்டோர் கீப்பர் காசிலிங்கம் பழைய போல்ட்டுகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். எடைமேடை மாடியில் இருந்த கருவி என்ன ஆயிற்று என்று மூச்சு வாங்கக் கேட்டாள்.

“அந்தக் காத்தாடியா? மாசிலயே கழத்தி இங்கன கொண்டாந்துட்டாவளே. பத்திரமா வச்சிருக்கேன் பாத்துக்கிடுங்க.”

அலமாரியின் அடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்தார். பிரித்தார். மூன்று சின்னக் கிண்ணங்கள் வைத்த கருவி, தூசிகூடப் படியாமல், தேதி எழுதிய அட்டையோடு இருந்தது. யாரிடமாவது சொன்னீர்களா அண்ணாச்சி என்று கேட்டாள். யாரும் கேட்கவில்லையே என்றார் அவர். அவரைக் குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தானும் அதைத்தானே செய்திருந்தாள்.

நன்றாக ஓடுகிற பொருள்தான் என்று காட்டுவதற்காகக் காசிலிங்கம் அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். சுவரைத் தாண்டி வெளியே நீட்டியதும் கிண்ணங்கள் ஒரு முறை துள்ளி, அடுத்த கணம் கண்ணுக்கே தெரியாமல் போயின. வெறும் சாம்பல் வளையம் மாதிரி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“யாத்தே,” என்றார் மெதுவாக. “உள்ள ஆளு நிக்காவளே.”

நான்கு பேர் வரிசைகளுக்குள் இருந்தார்கள். ஜெபசுதா மண்ணில் செருப்பு புதைய ஓடினாள். பத்தொன்பது வருடத்தில் அவள் யார்டுக்குள் ஓடி யாரும் பார்த்ததில்லை. ஹென்றியிடம் அவள் சொன்னது இவ்வளவுதான்: “எல்லாரையும் வெளிய கூப்பிடுங்கண்ணே. நம்பரு பொய்.” ஹென்றி ஒரு நொடி அவள் முகத்தைப் பார்த்தார். விசிலை எடுத்து ஊதினார். நான்கு பேரும் ஒவ்வொருவராக வரிசை வாயில் வழியாக வெளியே வரும்வரை இருவரும் எண்ணிக்கொண்டு நின்றார்கள். நான்காவது ஆள், முத்துச்செல்வம், தொப்பியைப் பிடித்துக்கொண்டு, டீக்கு முன்னாலேயே கூப்பிடுகிறார்களே என்று சந்தோஷமாக வந்தான்.

ஹென்றி துறைமுகக் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டார். காதில் வைத்தபடியே ஜெபசுதாவிடம் சொன்னார். “நாப்பத்தொம்பது.”

மேலே ஐந்தாவது அடுக்கில் ஒரு பெட்டியின் திறந்த கதவு அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் பல வாரமாக இருந்திருக்கும். அவள் அன்றுதான் கேட்டாள்.

இரண்டு மணிக்கு டிக்சன் அவளை அறைக்குக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஒரு சிக்கலைப் பார்த்தால் அதை முடிந்தவரை சின்னதாக்கிப் பார்க்கிறவர். முழுவதையும் கேட்டார். பிறகு, கருவியை இன்றே புது இடத்தில் மாட்டிவிடலாம், சென்னைக்குச் சர்வர் சரியாகிவிட்டது என்று எழுதிவிடலாம், அந்த இரண்டு வரியையும் எடுத்துவிடுங்கள் என்றார். விசாரணையில் இதைப் பேச வேண்டிய அவசியம் இல்லை என்றும் சொன்னார். அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

“அன்னைக்கு நெசமாவே பதினாலா இருந்திருக்கலாம்லா ஜெபசுதா? இல்லன்னு ஒங்களால சொல்ல முடியுமா?”

அவளால் முடியாது. அதுதான் அவளை அறைந்தது. ஜூன் இருபத்து நான்கு பதினொன்று பத்துக்குக் காற்று பதினான்காகவே இருந்திருக்கலாம். அப்படி இருந்தால் அவள் கொடுத்த தாளில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை. ஆனால் அந்த எண் காற்றைப் பார்த்துச் சொன்னதல்ல. பார்க்காமல் சொன்னது தற்செயலாக உண்மையாக அமைந்துவிட்டால், சொன்னவன் சாட்சி ஆகிவிடுவானா? பகவதி தவறாகவே சொல்லியிருக்கட்டும். அவள் வரிசைக்குள் நின்று, முகத்தில் வாங்கிச் சொன்னாள். அந்த யார்டில் அன்று காற்றைக் கவனித்துப் பேசியது அவள் ஒருத்திதான்.

தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். இரண்டு வரி. அழிக்க ஒரு விநாடி போதும். அழித்தால் எல்லோரும் கேட்டது கிடைத்துவிடும், மெஷின் வேகமாக ஓடும், பாராட்டக்கூடச் செய்வார்கள். யாரும் அவளிடம் வேறு எதுவும் கேட்கப் போவதில்லை. இதை நினைத்தபோது அவளுக்குத் தன்னைப் பற்றியே பயமாக இருந்தது. பதிவை அப்படியே பிரதி எடுத்து வைத்தாள். பிறகு பிப்ரவரி இருபத்தேழிலிருந்து இன்று வரை, மணிக்கு ஒரு வரி வீதம், முழுவதையும் அச்சுக்குக் கொடுத்தாள். பிரிண்டர் பாதியில் பேப்பர் கேட்டது. இன்னொரு கட்டைப் பிரித்து வைத்தாள்.

மூன்று மணிக்குப் பகவதி வந்திருந்தாள். இஸ்திரி போட்ட சேலை. பின்னால் ஒரு நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தாள். எப்படியும் போகப் போகிற வேலைதான் என்று முடிவு செய்துவிட்டு வந்தவளின் அமைதி அவள் முகத்தில் இருந்தது. டிக்சன் மெமோவைப் படித்து முடித்து, ஜெபசுதா கொடுத்த ஒரு வரித் தாளை எடுத்தார்.

“அந்தத் தாள் செல்லாது சார்,” என்றாள் ஜெபசுதா. தடித்த தாள் கட்டை மேஜை மேல் வைத்தாள். என்ன நடந்தது, எந்த வரியை எப்போது எழுதினேன், எதைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டேன் என்பதை வரிசையாகச் சொன்னாள். ஹென்றி தலையைக் குனிந்துகொண்டார். டிக்சன் இரண்டு மூன்று பக்கம் புரட்டினார். மெமோவை வாபஸ் வாங்குவதாகவும், ஜெபசுதா நாளைக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்றும் சொன்னார். சரி சார், என்றாள்.

பகவதி சந்தோஷப்படுவாள் என்று எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் எழுந்து வந்து கட்டைத் தன் பக்கம் இழுத்தாள். ஆங்கிலம் அதிகம் தெரியாது. எண்களும் தேதியும் தெரியும். ஒன்பது வருடமாக எண் எழுதுகிறவள். ஏப்ரலைத் தேடினாள். மே மாதத்தைத் தேடினாள். விரல் ஒவ்வொரு தேதியாக இறங்கியது. இறங்க இறங்க அவள் முகம் வெளிறியது. ஒரு இடத்தில் விரல் நின்றது.

“ஜூன் பத்தொம்பது,” என்றாள். “எம்மவ பொறந்தநாளு. ரெண்டு மணிக்கு மூணாவது வரிசைக்குள்ள நின்னேன். மேல பெட்டி மொனங்குச்சு. திரும்பிரலாமான்னு நெனச்சேன். பதினாலுதான காட்டுதுன்னு நடந்துட்டேன் அக்கா.”

விரலை அந்தத் தேதியிலிருந்து அவள் எடுக்கவில்லை.

“ஒரு நாளுதான் நான் ஒங்க நம்பர நம்பல,” என்றாள் பகவதி. “மத்த நாளெல்லாம் நம்பித்தான உள்ள போனேன்.”

மன்னிப்பு என்ற சொல்லை ஜெபசுதா நினைத்துப் பார்த்தாள். அந்தத் தாள் கட்டுக்கு முன்னால் அது மிகவும் சின்னதாகத் தெரிந்தது. பகவதி நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே ஜூலையைப் புரட்டி, தான் உள்ளே போன நாட்களை விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள். டிக்சன் விசாரணை முடிந்தது என்று சொன்னது அவள் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

கருவியை இப்போது அலுவலக மாடியிலேயே மாட்டியிருக்கிறார்கள். பதில் வராவிட்டால் இடம் வெறுமையாக நிற்கும்; ஹென்றி வேலையை நிறுத்துவார்; லாரிகள் நிற்கும். யாரும் சத்தம் போடுவதில்லை. பகவதி வேலைக்கு வருகிறாள். வரிசைக்குள் நுழைவதற்கு முன் திரை இருக்கும் அறைப் பக்கம் வருவதில்லை. வாயிலில் கொஞ்ச நேரம் நின்று, சேலைத் தலைப்பைக் கையில் பிடித்துக் காற்றில் பறக்க விட்டுப் பார்க்கிறாள். பிறகு போகிறாள், அல்லது போகாமல் இருக்கிறாள். அவளை ஏன் என்று கேட்பதை நிறுத்திவிட்டார்கள். ஜெபசுதாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதும் குறைந்துவிட்டது. வணக்கம் மட்டும் இருக்கிறது.

ஜெபசுதாவின் விளக்கம் ஃபைலில் இருக்கிறது. முதல் முறையாக அவள் கேட்டதற்கு மேல் எழுதினாள். நான்கு பக்கம் வந்தது. சர்வர் வேகமாக ஓடுகிறது. என்டர் தட்டினால் தட்டின கணத்தில் எண் வந்து நிற்கிறது. முப்பத்தொன்று. முப்பத்து நான்கு. இருபத்தெட்டு. ஒவ்வொரு முறையும் அவள் திடுக்கிடுகிறாள். பிறகு எழுந்து, கதவைத் திறந்து, ஒரு நிமிடம் வெளியே போய் நிற்கிறாள்.